இல்லாத பல்லின் வலி

ஜனவரி 19, திங்கள்

காலையில் பனி. நெம்மேலி முழுக்க வெள்ளை. கடல் தெரியவில்லை, சத்தம் மட்டும். கணக்கு டெஸ்ட் 71.

சமூக அறிவியல் நோட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். இதை வீட்டில் யாரும் திறக்க மாட்டார்கள். நானே அதிகம் திறப்பதில்லை.

அம்மாவுக்கு மறுபடியும் பல்வலி. இடது கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி ஒரு மாதம் ஆகிறது. பல் டாக்டர் "சின்ன சொத்ததான்மா, அடைச்சிரலாம்" என்றுதான் சொன்னார். அம்மா கேட்கவில்லை. "அடைச்சிகினு திரும்பத் திரும்ப வர என்னால ஆவாது சார். புடுங்கிடுங்க." குழி மூடிவிட்டது. பொங்கலன்று அதே பக்கம் முறுக்கு கடித்தாள், நான் பார்த்தேன்.

இன்று ஈரத்துணி வாளியோடு மொட்டை மாடிக்கு ஏறும்போது பாதிப்படியில் நின்றாள். தாடையில் கை. நெற்றியெல்லாம் வியர்வை, இந்தக் குளிரில்.

"இன்னாம்மா?"

"பல்லு வலிடி."

"எந்தப் பல்லு? அதான் புடுங்கியாச்சே."

"புடுங்குன எடம் வலிக்காதா? போய்ப் படி."

இல்லாத பல் எப்படி வலிக்கும்?

ஜனவரி 20, செவ்வாய்

எழுதி வைக்கப் போகிறேன். யாராவது பார்த்தாலும் புரியக் கூடாது. ப.வ. என்றால் பல்வலி.

காலை 6.10, தண்ணீர்க் குடத்தோடு மாடி ஏறும்போது ப.வ. நின்றதும் மூன்று நிமிஷத்தில் போய்விட்டது.
மாலை 5.30, பஸ்ஸைப் பிடிக்க ஓடினாளாம். ப.வ.
சாப்பிடும்போது இல்லை. ஐஸ் தண்ணீர் குடித்தபோதும் இல்லை. படுத்திருக்கும்போது இல்லவே இல்லை.

இது என்ன மாதிரி பல்? படியைக் கண்டால் மட்டும் வலிக்கிறது.

ஜனவரி 22, வியாழன்

ஷாலினியின் அம்மா நர்ஸ். ரெக்கார்டு நோட்டு வாங்கப் போகிற மாதிரி அவர்கள் வீட்டுக்குப் போனேன். "ஆன்ட்டி, பல்லே இல்லாத எடத்துல வலி வருமா?" என்றேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஷாலினி சிரித்துவிட்டாள். ஆன்ட்டி சிரிக்கவில்லை.

"எப்ப வருது? நடக்கும்போதா?"

"ஏறும்போது."

"மூச்சு வாங்குதா? சட்டுனு களைப்பாயிடறாங்களா?"

"ஆமா."

"சுகர் உண்டா?"

நான் வயிற்றில் இருந்தபோது இருந்ததாம். அப்புறம் தானாகப் போய்விட்டது என்று அம்மா சொல்வாள். சோதித்துப் பார்த்ததே இல்லை. அதைச் சொன்னேன். கீரையைத் தள்ளி வைத்துவிட்டார்.

"நெஞ்சப் புடிச்சிகினு விழுந்தாதான் இதயம்னு நெனச்சிகினு கீறோம் எல்லாரும். நெஞ்சுலதான் வலிக்கணும்னு இல்ல கண்ணு. பொம்பளைங்களுக்குத் தாடையில வரும், முதுகுல வரும், வெறும் களைப்பா வரும். சும்மா இருக்கும்போது வலி வந்து நிக்கலன்னா உடனே 108 கூப்புடு. மத்தபடி இந்த வாரமே டாக்டர்கிட்ட இட்டுகினு போ."

வீடு வரைக்கும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் வந்தேன்.

ஜனவரி 23, வெள்ளி

அம்மாவிடம் சொன்னேன். சிரித்தாள்.

"எனக்கு இதயமா? ரிசார்ட்ல ஒரு நாளைக்குப் பன்னெண்டு ரூம் சுத்தம் பண்றேன். இதயம் கெட்டவ பண்ணுவாளா?"

"நின்னு நின்னுதானே பண்ற?"

"வாய் பாரு. உன் பரீட்ச முடியட்டும், அப்பால பாக்கலாம்."

பரீட்சை முடிய மூன்று மாதம். எல்லாவற்றுக்கும் என் பரீட்சை. ஏப்ரலில் ஒரு ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டால், பத்தாவது ரிசல்ட் வரட்டும் என்று அது காத்திருக்குமா?

அப்பாவிடம் சொல்லக் கூடாது என்று என் கையை அவள் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

இப்போது தூங்குகிறாள். மூச்சை எண்ணிக்கொண்டே எழுதுகிறேன். சத்தியத்தை மீறினால் அம்மாவுக்கு ஏதாவது ஆகும். மீறாவிட்டாலும் ஆகும். மீறினாலாவது டாக்டர் இருப்பார்.

நாளை அப்பாவிடம் சொல்கிறேன்.

ஜனவரி 24, சனி

சொல்லிவிட்டேன். அப்பா சிங்கப்பெருமாள் கோயிலில் கம்பெனி ஆட்களை இறக்கிவிட்டு வந்து வேன் கழுவிக்கொண்டிருந்தார். குழாயை மூடக்கூட இல்லை. அம்மாவைப் பார்த்து "செல்வி! கெளம்பு" என்றார். அம்மா என்னைப் பார்த்த பார்வை!

கேளம்பாக்கம் பக்கம் ஒரு கிளினிக். ஈ.சி.ஜி. எடுக்கிறவர் ஆண். ரவிக்கை ஊக்கைக் கழற்ற வேண்டும் என்றதும் அம்மா எழுந்து வெளியே வந்துவிட்டாள். "எனக்கு ஒண்ணும் இல்ல, வாங்க போலாம்." அப்பாவும் செருப்பைப் போட்டுவிட்டார். நான் நாற்காலியை விட்டு எழவில்லை. கவுன்டர் அக்காவிடம் கேட்டேன். நாலு மணிக்கு ஒரு சிஸ்டர் வருவாராம். ரெண்டே கால் மணி நேரம் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை.

ஈ.சி.ஜி. நார்மல்.

அப்பா வழியெல்லாம் விசில். படூர் அத்தை, அப்பாவின் தங்கை, போனில்: "இன்னாடி டாக்டரம்மா! கேஸ் டிரபுளுக்கு ஈ.சி.ஜி.யா? எங்க அண்ணன் டியூட்டியக் கெடுத்துட்டியே. எனக்குந்தான் தெனம் ஏப்பம் வருது, வந்து ஒரு பார்வ பாரேன்!" ஸ்பீக்கரில். எல்லோரும் சிரித்தார்கள். அம்மா எல்லோரையும் விட அதிகமாக.

சந்தோஷமாக இருக்க வேண்டும். இல்லை.

ஜனவரி 25, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டேன். சோறு வடிக்கும்போது தோன்றியது. ஈ.சி.ஜி.யைப் படுக்கவைத்து எடுத்தார்கள். படுத்திருந்தால்தான் அம்மாவுக்கு ஒன்றும் இல்லையே!

இன்று இரண்டு ப.வ. இரண்டும் படியில். மொத்தம் பன்னிரண்டு.

அப்பாவிடம் சொன்னேன். "டாக்டரே நார்மல்னு சொல்லிட்டாரு, உனக்கு இன்னா தெரியும்?"

"அப்பா, வண்டி சும்மா நிக்கும்போது எஞ்சின் சத்தத்த வெச்சி நல்லா கீதுன்னு சொல்லுவியா? மேட்டுல ஏத்திதானே பாப்ப?"

அரை மணி கழித்து அப்பா: "நாளைக்கி லீவு நாளு. செவ்வாக்கெழம போலாம்."

ஜனவரி 27, செவ்வாய்

செங்கல்பட்டு, பெரிய ஆஸ்பத்திரி. வெயில். கூட்டம். யூனிபார்மிலேயே போனேன், மதியம் ஸ்கூலுக்குப் போய்விடலாம் என்று நினைத்துக்கொண்டு.

டாக்டர் ஒரு அக்கா மாதிரி இருந்தார். "எங்க வலிக்குதும்மா?"

அம்மா: "பல்லுல."

"பல்லு டிபார்ட்மென்ட் பக்கத்து பில்டிங்."

அம்மா எழுந்தே விட்டாள். நான் இந்த நோட்டில் ப.வ. கணக்கைத் தனியாக எழுதி வைத்த பக்கத்தைக் கிழித்து மேஜையில் வைத்தேன். அதில் தேதி, நேரம், எங்கே, எத்தனை நிமிஷம். பதினாலு தடவை.

படித்தார். மறுபடி மேலேயிருந்து படித்தார்.

"யாரு எழுதுனது?"

"நான்தான் மேடம்."

"ப.வ.ன்னா?"

"பல்வலி."

"வேற பேர் வெக்கணும்போல. உக்காருங்கம்மா."

சர்க்கரை பார்த்தார்கள். 240. அப்புறம் ஓடும் பெல்ட்டில் நடக்கவைத்து எடுக்கிற டெஸ்ட். புடவையில் நடக்க முடியாது என்றார்கள். அம்மா என் யூனிபார்ம் பேண்டையும் ஷூவையும் போட்டுக்கொண்டாள், மேலே ஆஸ்பத்திரி அங்கி. நான் இடுப்பில் அவள் புடவையைச் சுற்றிக்கொண்டு ஷூ நாடாவைக் கட்டிவிட்டேன். "ஸ்கூலுக்கு லேட்டாய்டுச்சி மிஸ்" என்றாள் டெக்னீஷியனிடம். டாக்டரும் டெக்னீஷியனும் லேடீஸ்தான். நாலு பேரும் சிரித்தோம்.

நாலாவது நிமிஷம் அவள் கை தாடைக்குப் போனது. டாக்டர் திரையைப் பார்த்தபடி "நிறுத்து" என்றார்.

இதயத்துக்கு ரத்தம் போகிற குழாயில் அடைப்பு இருக்கலாமாம். ஓய்வில் இருந்தால் போகிற ரத்தம் போதும். ஏறினால் போதாது. அந்த வலிதான் தாடைக்கு வருகிறது. முன்னால் எடுத்த ஈ.சி.ஜி.யும் தப்பில்லை, அப்போது இதயம் சும்மா இருந்தது.

அட்மிட். நான் கிழித்த பக்கத்தைக் கேஸ் ஷீட்டில் வைத்துப் பின் அடித்துவிட்டார்கள்.

ஜனவரி 28, புதன்

நாளைக்கு ஆஞ்சியோ. அடைப்பு இருந்தால் அப்போதே ஸ்டென்ட் வைத்துக் குழாயைத் திறந்துவிடுவார்களாம். ஆண்கள் வார்டில் இடமே இல்லை, பெண்கள் வார்டில் மூன்று கட்டில் காலி. பெண்களுக்கு வருவதில்லையா, வந்தும் யாரும் கூட்டிக்கொண்டு வருவதில்லையா?

அம்மா நோட்டைக் கேட்டாள். கொடுத்தேன். முழுக்கப் படித்தாள். சத்தியம் வருகிற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"பதினாலுன்னு போட்டுகினு கீற. பதினாலு இல்லடி."

"பின்ன?"

"நீ ஸ்கூல்ல இருக்கும்போது வந்தத யாரு எழுதறது? பேனா எடு."

சொல்லச் சொல்ல எழுதினேன். ஆடி மாதம், ரிசார்ட் இரண்டாவது மாடி, பெட்ஷீட் மூட்டையோடு. தீபாவளிக்கு முந்தின நாள் மாவாட்டும்போது முதுகில், பல்லில் இல்லை. படூர் அத்தை வீட்டில் லிப்ட் நின்றுபோன அன்று, நாலு மாடி, ஒவ்வொரு மாடியிலும் கோலம் பார்க்கிற மாதிரி நின்றாளாம்.

"ஏம்மா சொல்லல?"

"சொன்னா நீங்க ரெண்டு பேரும் பயந்துக்குவீங்க."

"சொல்லாததுதாம்மா பயமா இருந்துச்சி."

"சரி, அடுத்தது எழுது. கார்த்திகை." முப்பத்தொன்று வரை வந்தது. சிஸ்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஜனவரி 29, வியாழன்

10.20 உள்ளே கொண்டுபோனார்கள். கையெழுத்து அம்மாவே போட்டாள். இங்கிலீஷில் இருந்த பாரத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போட்டாள்.

அப்பா வேன் கண்ணாடியைத் துடைக்கிறேன் என்று போனார். நேற்றே துடைத்த கண்ணாடி.

அத்தை பஸ் பிடித்து வந்தாள். இட்லிப் பாத்திரத்தோடு பக்கத்தில் உட்கார்ந்தாள். மூடியைத் திறந்து, "நாஸ்தா துன்னியா?" அவ்வளவுதான். சாப்பிட்டேன்.

11.15. கதவு திறந்தது, வேறு யாரோ.

11.50. அம்மா. ஒரு குழாயில் முக்கால்வாசிக்கு மேல் அடைப்பு இருந்ததாம். மணிக்கட்டு வழியாகவே போய் ஸ்டென்ட் வைத்தாயிற்று. இனி மாத்திரையை ஒரு நாளும் விடக் கூடாது, சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும், எந்த வலியையும் மறைக்கக் கூடாது. எல்லாம் என்னிடமும் சொன்னார்கள், அம்மாவிடமும் சொன்னார்கள்.

நாலு மணிக்கு சிஸ்டர் ரவுண்டு. "வலி ஏதாவது இருக்காம்மா?"

"அதெல்லாம் இல்..." அம்மா நிறுத்தினாள். கையைத் தூக்கிக் காட்டினாள்.

"கீது சிஸ்டர். இங்க, கட்டுப் போட்ட எடத்துல. கொஞ்சம் இல்ல, நல்லாவே வலிக்குது."