விருந்தாளி தின்ற ஆபத்துப் பை

அன்பு மகள் ஜாஸ்குலுக்கு, ஓஷிலிருந்து அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், உன் தம்பிக்கு மட்டும் பல்வலி. நீ அல்மாத்தியில் சுகமாக இருப்பதை உன் பேராசிரியை ரௌஷான் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன், பெற்றவளுக்கு உன் சேதி இப்போதெல்லாம் ஊரைச் சுற்றித்தான் வருகிறது.

போன ஞாயிறு அவள் நம் வீட்டுக்கு வந்தாள். நிலநடுக்கம் வந்தால் தூக்கிக்கொண்டு ஓட, நம் தெருவில் வீட்டுக்கு வீடு நீ கொடுத்துப்போன பைகள் எப்படி இருக்கின்றன என்று பார்க்க வந்தாளாம். நான் அப்போதுதான் என் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தேன், வீட்டில் தேநீரும் ரொட்டியும் தவிர ஒன்றுமில்லை. வெறும் ரொட்டியை வைத்தால் ஜாஸ்குலின் அம்மா கஞ்சப் பிசினாறி என்று உன்னிடம் வந்து சொல்ல மாட்டாளா? கதவோரம் தொங்கிய பையை அவிழ்த்து டின் மீன், பிஸ்கட், ஆப்ரிகாட் வற்றல், சாக்லேட் எல்லாவற்றையும் சாப்பாட்டு விரிப்பில் பரப்பினேன். நன்றாகத்தான் தின்றாள். முடித்துவிட்டு, "அக்கா, அந்தப் பையைக் கொஞ்சம் காட்டுங்களேன்" என்றாள். "இவ்வளவு நேரம் அதைத்தாம்மா தின்னுட்டு இருந்தீங்க" என்றேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவள் சட்டென்று நிறுத்தி, "பக்கத்து வீட்டுலயும் பை காலி. இங்க ஜனங்களுக்குப் பயமே கிடையாது, எல்லாம் அலட்சியம்னு உங்க பொண்ணு கட்டுரை எழுதி முடிச்சுட்டா. அலட்சியம் இல்ல போலிருக்கே, விருந்தாளி வந்தா பூகம்பம் வாசல்ல நிக்கட்டும்னு இல்ல இருக்கு!" என்றாள். பக்கத்து வீட்டு தொக்தோபூபூவைக் கூப்பிட்டுக் கேட்டோம், "எங்க பையை சம்பந்தி தின்னுட்டுப் போனாரு, அவரு வர்றதே பூகம்பம்தானே" என்கிறாள்.

எனக்கு வயிறு எரிந்தது ஜாஸ்குல், மறைக்க மாட்டேன். அந்த விரிப்பில் உட்கார்ந்து வளர்ந்த உனக்குத் தெரியவில்லை, பை முடிச்சை அவிழ்த்த எனக்கும் தெரியவில்லை, ஒரு கிண்ணம் தேநீர் குடித்த அசலூர்க்காரிக்குத் தெரிந்துவிட்டது. போதாததற்கு, உனக்குப் புளித்த பால் ஒத்துக்கொள்ளாது என்று எனக்கே சொல்லித்தருகிறாள். நான் பார்க்காத வயிறா உன்னுடையது?

இந்த மாதக் கடைசியில் கட்டுரையைப் பேராசிரியர்கள் சபையில் வாசிக்கப் போகிறாயாம், உன் நிரந்தர வேலை அதை நம்பித்தான் இருக்கிறதாம். அவள் மலைக் கிராமங்களுக்குப் போய்விட்டாள், அங்கே போன் எடுக்காது, திரும்பி வந்து உன்னிடம் சொல்வாளாம். அதுவரை எனக்குப் பொறுக்குமா? போனில் பேசினால் மீட்டிங்மா என்று வைத்துவிடுகிறாய், அதனால் அல்மாத்தி பஸ் டிரைவரிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். எழுதினதை அடித்துவிட்டு நம் தெருவுக்கு வா, வீடு வீடாக உட்கார்ந்து கேள். வெறும் வயிற்றோடு வா, எல்லோரும் எதையாவது வைப்பார்கள். கண்டுபிடித்தது ரௌஷான் என்றே எழுது, அடுத்தவள் சரக்கை என் சரக்கென்று நான் விற்றதில்லை. ஆனால் உன்னிடம் முதலில் சொன்னது நான்தான், அதை எழுதாவிட்டாலும் மனதில் வைத்துக்கொள்.

உன் கூரை அசையாதிருக்கட்டும், உன் விரிப்பு என்றும் நிறைந்திருக்கட்டும். அலமாரிக்குப் பக்கத்தில் படுக்காதே. கடிதம் கிடைத்ததும் எனக்குப் போன் பண்ணு, அவளுக்கு அப்புறம் பண்ணலாம்.

உன்னைப் பெற்றவள்,
புர்மாகான்