மாப்பிள்ளையை மாட்டுக் கயிற்றில் கட்டிய கதை

கராங்சாரி,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் ருஸ்மினிக்கு அப்பா மார்த்தோ எழுதுவது.

ஆண்டவன் கருணையில் இங்கே நான் சுகம், உன் அம்மா சுகம், தங்கை லெஸ்தாரி சுகம், மாடும் சுகம். ஹாங்காங்கில் நீ சுகமாக இருந்தால் சுகம் என்று எழுது, இல்லையென்றால் இல்லை என்றே எழுது, அப்பா கவலைப்படுவாரே என்று எதையும் மறைக்க வேண்டாம். நேற்று உன் அம்மா சந்தைத் தெரு டெலிபோன் கடைக்கு ஓடிப்போய் உன்னிடம் பேசினாளாம், மீட்டர் ஓடுகிற பயத்தில் பாதியைச் சொல்லிப் பாதியை விழுங்கிவிட்டு வந்திருக்கிறாள். என்னைத் திட்டுகிற பாதியை மட்டும் நிறுத்தி நிதானமாகச் சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் நடந்தது நடந்தபடி இருக்கட்டும் என்று நானே எழுதுகிறேன்.

போன மாதம் ஆற்றுக்கு அக்கரையில் வரிசையாக மாடு களவு போனது. திருடர்கள் தொழுவத்தின் மூங்கில் தட்டியை அறுத்து, பின்சந்தில் வண்டியை நிறுத்தி, சத்தமில்லாமல் ஏற்றிக்கொண்டு போய்விடுகிறார்களாம். மாட்டுக்காரன் காலையில் புல்லுக்கட்டோடு வந்து வெறும் முளைக்குச்சியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். நம் ஊர்த்தலைவர் உடனே கூட்டம் போட்டு, இனி எல்லார் மாட்டையும் மசூதிக்குப் பின்னால் ஒரே கொட்டகையில் கட்டுவது, முறை வைத்துக் காவல் இருப்பது என்று முடிவு செய்தார். காவல்காரர்களுக்காக வீட்டுக்கு வீடு சுவரில் தொங்குகிற தகர டப்பாவில் தினம் ஒரு பிடி அரிசி போட யாரும் மறக்கக் கூடாது என்றும் கண்டிப்பாகச் சொன்னார். நல்ல ஏற்பாடுதான், நானும் கை தூக்கினேன். நம் மாடு பஹிங்தான் கை தூக்கவில்லை. நிறைமாதச் சினை, பக்கத்துவீட்டு கிமானின் காளைக்குப் பக்கத்தில் கட்டினார்கள், அதன் முகத்தைப் பார்த்ததிலிருந்து ஒரு புல்லைத் தொடவில்லை. கிமான் சிரித்துக்கொண்டே, அண்ணே உங்க மாட்டுக்குத் தான் ராஜகுமாரின்னு நெனப்பு என்றான். நான் மாட்டை அவிழ்த்துக்கொண்டு வந்துவிட்டேன். நம் தொழுவத்துத் தட்டியோ ஒரு உதைக்குத் தாங்காது. வேறு எங்கே கட்டுவது, முன்னறையில் கட்டினேன். நீ அனுப்பிய பணத்தில் வாங்கிய சோபாவைப் பற்றிக் கவலைப்படாதே, அதைக் கட்டிலின் மேல் பத்திரமாகத் தூக்கி வைத்தேன். நானும் உன் அம்மாவும்தான் கீழே படுத்தோம்.

அன்றிலிருந்து உன் அம்மா வாய் ஓயவில்லை. என்னைக் கட்டிக்கிட்டு வந்தப்போ ஒரு பாய்கூட விரிக்கலை, மாட்டுக்கு மட்டும் வைக்கோல் மெத்தையா என்றாள். அடுப்பங்கரையில் விளக்கு ஏற்றினால் மாட்டின் கண் கூசும் என்று நான் சொன்னதற்கு, அப்ப அதையே சமைக்கச் சொல்லுங்க என்று அகப்பையை வைத்துவிட்டுப் போய்விட்டாள். நீயே சொல், மாடு முன்னறையில் இருந்தால் என்ன குறைந்துவிடும். கொசு மட்டும் கொஞ்சம் கூடுதல்.

இந்த நேரம் பார்த்துத்தான் லெஸ்தாரியைப் பெண் கேட்டு வருகிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். பையன் பேர் பூர்னோமோ, மலையடிவாரப் பால் சங்கத்தில் வேலை, நல்ல பையன், அவர்கள் இரண்டு பேருக்கும் ஏற்கெனவே பிடித்திருக்கிறது, அது எங்களுக்குத் தெரியாது என்று லெஸ்தாரி நினைத்துக்கொண்டிருந்தாள். பையனின் அப்பா சாஸ்த்ரோ டவுனில் துணிக்கடை வைத்திருக்கிறார். அவர் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தார், கல்யாணம் முடிந்ததும் பெண் டவுனுக்கு வந்துவிட வேண்டும் என்று. அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை ருஸ். நீ கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறாய். இவளும் போய்விட்டால் இந்த வீட்டில் யார் இருக்கிறார்கள். அதற்காகப் பையனை வேண்டாம் என்று சொல்லவும் மனசு வரவில்லை, அவள் முகம் வாடிவிடும். உன் அம்மாவிடம் சொன்னேன், அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், துடைத்த கையோடு என் பக்கம் திரும்பி, ஞாயித்துக்கிழமை அவங்க வர்றதுக்குள்ள மாடு வெளிய போகணும், மாட்டால இந்தச் சம்பந்தம் கெட்டுச்சுன்னா அடுத்த சந்தைக்கு அது போகும், கூடவே நீங்களும் போங்க என்றாள்.

சனிக்கிழமையே பஹிங்கைப் பின்பக்கத் தொழுவத்துக்கு மாற்றி, முன்னறையைக் கழுவிவிட்டு, சோபாவைப் போட்டோம். வாசனை போகட்டும் என்று உன் அம்மா எலுமிச்சைத் தோலைப் போட்டுத் தேய்த்தாள். ஞாயிறு காலை அவர்கள் ஒரு பிக்கப் வண்டியில், மேலே தார்ப்பாய் போட்டு மூடி, வாழைத்தார், புது அரிசி, வெல்லம் போட்ட ஒட்டரிசிப் பலகாரம் எல்லாம் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். நம் முன்சந்தில் குழாய்க்காகப் பள்ளம் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், அதனால் வண்டியைப் பின்சந்தில், சரியாகத் தொழுவத்தை ஒட்டி நிறுத்தினார்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்.

உட்கார்ந்தோம், தேநீர் வந்தது. சாஸ்த்ரோ நல்ல சபைப் பேச்சுக்காரர். உங்கள் தோட்டத்தில் ஒரு பூ மலர்ந்திருப்பதாகக் கேள்விப்பட்டோம், அதற்கு வேலி போட்டாயிற்றா என்று விசாரித்துப் போக வந்தோம் என்று ஆரம்பித்தார். நானும் அதே மரியாதையில் பதில் சொல்ல வாயைத் திறந்தேன், பின்னாலிருந்து பஹிங் கத்தியது. சிரித்துக்கொண்டே சமாளித்தேன். மறுபடி கத்தியது. சர்க்கரை எடுத்துவருகிறேன் என்று எழுந்தேன். உன் அம்மா பார்த்த பார்வையில் தேநீர் மறுபடி கொதித்திருக்கும். எனக்குப் பின்னாலேயே பூர்னோமோவும் எழுந்துவந்து காதோடு, மாமா அது பசிச்ச சத்தம் இல்லை, நானும் வரட்டுமா என்றான். போய்ப் பார்த்தால் கன்றின் ஒரு கால் வெளியே, ஒரு கால் உள்ளே மடங்கிக் கிடக்கிறது. பையன் புது பாத்திக் சட்டையைக் கழற்றி என் தோளில் போட்டான், முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவினான், மடங்கின காலை நேராக்கி, கயிற்றைக் கட்டி, பஹிங் முக்கும்போது மட்டும் இழுத்தான். கன்று விழுந்தது. பெண் கன்று. மூச்சு விட்டது, தும்மியது, என்னைப் பார்த்தது. நான் அழுதேன், அதில் என்ன வெட்கம்.

அந்தச் சந்தோஷத்தில்தான் சுவரில் தொங்கின, ஊரைக் கூப்பிட அடிக்கிற மூங்கில் மேளத்தை எடுத்து அடித்தேன். உனக்குத் தெரியும், நம் ஊர் மூங்கிலுக்குத் திருடனைச் சொல்லத் தெரியும், தீயைச் சொல்லத் தெரியும், வெள்ளத்தைச் சொல்லத் தெரியும். கன்று பிறந்ததைச் சொல்ல ஒரு அடி வைக்காமல் போனது முன்னோர்கள் தப்பு, என் தப்பு இல்லை. நான் ஐந்து அடி அடித்தேன். நிறுத்தி மறுபடி ஐந்து. ஐந்து அடி என்றால் மாடு திருட்டு என்பது நம் ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும், அந்த நிமிஷம் தெரியவில்லை, அவ்வளவுதான். அடித்துவிட்டு மூங்கிலை அங்கேயே போட்டுவிட்டு, நல்ல சேதியைச் சொல்ல முன்னறைக்கு ஓடினேன்.

ஊர் வந்தது பார், அப்படி ஒரு வேகம். வயலிலிருந்து மண்வெட்டியோடு வந்தார்கள், பாதி முகம் சவரம் செய்தபடி ஒருவன் வந்தான், தலையில் சோப்பு நுரையோடு ஒருவன் வந்தான். வந்தவர்கள் கண்ணில் பட்டது என்ன? பின்சந்தில் தார்ப்பாய் போட்ட வெளியூர் வண்டி. தொழுவத்தில் சட்டையில்லாத ஒரு அந்நியன், கையில் ரத்தம், பிடித்திருப்பது நம் மாட்டுக் கயிறு. கிமான் ஒரே தாவில் அவனைக் கீழே தள்ளி, அதே கயிற்றால் கையைக் கட்டித் தொழுவத்துத் தூணில் சேர்த்துவிட்டான். வண்டி ஓட்டி வந்த ஆள் கொய்யா மரத்தில் ஏறிக்கொண்டான். சத்தம் கேட்டு சாஸ்த்ரோ ஓடினார், அவரையும் ஆளுக்கொரு பக்கம் கையைப் பிடித்துக்கொண்டார்கள், ஆனால் மரியாதையாகத்தான். பெரியவரே சித்த உக்காருங்க, தலைவர் வரட்டும், அதுவரைக்கும் யாரும் உங்க மேல கை வைக்க மாட்டோம் என்றார்கள். நான் போய், டேய் கிமான், அவர் என் சம்பந்தி, அவன் என் மாப்பிள்ளைடா என்று கத்துகிறேன். அந்த மடையன் என் முதுகைத் தடவிக்கொடுத்து, அண்ணே உங்களுக்கு மாடு போன அதிர்ச்சி, தண்ணி குடிங்க என்கிறான். மாடு அங்கேயே நின்று கன்றை நக்கிக்கொண்டிருக்கிறது, அதை ஒருவனும் பார்க்கவில்லை.

அப்போது லெஸ்தாரி வந்தாள். பெண் கேட்கிற அன்றைக்குப் பெண் தலை குனிந்து சும்மா இருந்தாலே சம்மதம் என்று நாம் எடுத்துக்கொள்வோம், அவளும் காலையிலிருந்து தலை நிமிரவில்லை. இப்போது கையில் தேநீர்த் தட்டோடு கூட்டத்துக்கு நடுவில் வந்து நின்று, கிமான் சித்தப்பா, கயித்தை அவுருங்க, நான் கட்டிக்கப் போறவர் அவர்தான் என்றாள். சோப்பு நுரைக்காரன் கண் எரிகிறதைக்கூட மறந்து நின்றான். கிமான் அவிழ்த்தான். பூர்னோமோ மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே அவளைப் பார்த்துச் சிரிக்கிறான், கூட ரெண்டு தரம் கட்டச் சொன்னாலும் கையை நீட்டியிருப்பான்.

ஆனால் சாஸ்த்ரோ சிரிக்கவில்லை. முகம் சிவந்து போய், பொண்ணு கேட்டு வந்தோம், மாடு திருட வரலை, வண்டியை எடுப்பா என்றார். டிரைவர் மரத்தைவிட்டு இறங்க மாட்டேன் என்றான், அதனால்தான் நான் பிழைத்தேன். ஊர்த்தலைவர் வந்து கும்பிட்டு மன்னிப்புக் கேட்டார். கிமான் மண்டி போட்டே கேட்டான். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒன்று வந்தது, இளநீர், அவித்த கடலை, பொரித்த சோயாத் தெம்பே, மரவள்ளிக்கிழங்கு. வேண்டாம் என்று சொன்னவர் ஒரு தெம்பே எடுத்தார், அப்புறம் இன்னொன்று. உன் அம்மா என்னையும் மாட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள், சந்தைக்கு யாரை முதலில் அனுப்பலாம் என்று யோசிக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது.

ரொம்ப நேரம் கழித்து சாஸ்த்ரோ தலைவரைப் பார்த்து, நான் தேநீர்க் கோப்பையைக் கீழ வச்சிட்டு எந்திரிக்கிறதுக்குள்ள இவ்வளவு பேர் எப்படி வந்தீங்க என்று கேட்டார். அடிச்சா வருவோம் ஐயா, அவ்வளவுதான் என்றார் தலைவர். அதைக் கேட்டு சாஸ்த்ரோ, போன வருஷம் என் வீட்டுல பட்டப்பகல்ல திருடினாங்க என்றார். டிவி, மெத்தை, பீரோ எல்லாவற்றையும் லாரியில் ஏற்றியிருக்கிறார்கள், எதிர்வீட்டுக்காரர் நாங்க வீடு மாத்தறோம்னு நெனச்சுக் கதவைப் பிடிச்சுக் குடுத்திருக்கார் என்றார். எல்லோரும் சிரித்தோம், அவரும் சிரித்தார். கிளம்பும்போது வாசலில் நின்று, சுவரில் தொங்கின நம் தகர டப்பாவைக் காட்டி அது என்ன என்றார். காவல்காரர்களுக்குப் பிடி அரிசி என்றேன். கொண்டுவந்த புது அரிசியில் ஒரு பிடி அள்ளி அதில் போட்டார். இது என் பையன் பங்கு, இனிமே இந்த வீட்டுக் கணக்குல அவனும் காவலுக்கு வருவான், பால் சங்கம் இங்கிருந்தும் அதே தூரம்தான் என்றார். எனக்கு மறுபடி அழுகை வந்தது. உன் அம்மா என்னைக் கிள்ளினாள்.

கல்யாணம் அறுவடை முடிந்து, இரண்டு பேர் பிறந்த நாளுக்கும் பொருந்துகிற நாளாகப் பார்த்து வைக்கிறோம். லீவுக்கு இப்போதே உன் முதலாளியம்மாவிடம் சொல்லிவை. பஹிங் சந்தைக்குப் போகவில்லை, நானும் போகவில்லை. நம் ஐந்து நாள் சந்தைக் கணக்கில் லெகி நாளில் பிறந்ததால் கன்றுக்கு லெகி என்று பேர். தொழுவத்துக்குச் செங்கல் சுவர் வைக்கும் வரை இரண்டும் முன்னறையில்தான், சோபா மறுபடி கட்டில் மேல்தான், அதை அம்மா உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள்.

அங்கே உயரத்தில் தொங்கிக்கொண்டு ஜன்னலுக்கு வெளிப்பக்கம் துடைக்காதே, துடைத்தே ஆக வேண்டும் என்றால் அப்பா வேண்டாம் என்றார் என்று சொல். எதிர்க்கதவுக்காரர் பேர் உனக்குத் தெரியாது என்று எழுதியிருந்தாய். ஒரு தட்டுப் பலகாரம் கொண்டுபோய்க் கொடுத்துப் பேரைக் கேட்டுக்கொள், அவசரத்துக்கு ஒரு கதவாவது திறக்க வேண்டும்.

ஏன் ஐந்து அடி அடித்தாய் என்று தலைவர் கேட்டார், ஊரே கேட்டது, கை தவறிவிட்டது என்று சொல்லிவிட்டேன். கை தவறவில்லை. சந்தோஷத்தில் வீட்டில் ஆளுக்கு ஒன்று என்று அடித்தேன், எனக்கு ஒன்று, உன் அம்மாவுக்கு ஒன்று, லெஸ்தாரிக்கு ஒன்று, புதுக் கன்றுக்கு ஒன்று, உனக்கு ஒன்று. உன்னை விட்டுவிட்டு எண்ணியிருந்தால் நாலோடு நின்றிருக்கும், வெள்ளம் என்று ஊர் மூட்டை முடிச்சோடு மேட்டில் ஏறியிருக்கும். இதை உன் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள், தொழுகையை விடாதே, வேளைக்குச் சாப்பிடு. ஆண்டவன் உன்னைக் கண் இமைபோல் காக்கட்டும். எந்த பஸ்ஸில் வருகிறாய் என்று முன்கூட்டி எழுது. நீ சந்து திரும்பும்போது மூங்கிலை எடுத்து மறுபடி ஐந்து அடிப்பேன், ஊர் தடியோடு ஓடி வரட்டும், நீ பயப்படாதே.

உன் அப்பா,
மார்த்தோ