ஆருக்கு வலப்பக்கம்?

ஒக்ரோபர் 6, செவ்வாய் (92)

விடியப்புறம் ஒரு தூற்றல். பிறகு நல்ல வெயில். சைக்கிள் பின் ரயரில் காற்று நிற்பதில்லை. பம்பைக் கையோடு கொண்டு திரிகிறேன்.

எங்கள் அகதிப் பதிவுக் கந்தோருக்குப் புது டிஸ்க் வந்துவிட்டது. கொழும்பிலிருந்து. பாதுகாப்பு அமைச்சின் அனுமதி கிடைக்க மட்டும் இரண்டு மாதம். பஞ்சுக்குள் வைத்து, வெள்ளித் தாளில் சுற்றி, ஆஸ்பத்திரியால் கொண்டுவந்த பச்சைப் பிள்ளை மாதிரி.

எதற்கென்றால்: எங்கள் கொம்பியூட்டருக்குள் இரண்டு டிஸ்க், பக்கம் பக்கமாக. ஒன்றில் இடம்பெயர்ந்த சனத்தின் பெயர், இருப்பிடம், யாரைத் தேடுகிறார்கள் என்ற விபரம். மற்றது அதன் பிரதி. பிரதி டிஸ்க் ஓகஸ்ட் முதல் டிக் டிக் என்று சத்தம் போடுகிறது, எதையும் ஏற்பதில்லை. ஆக எல்லாம் இப்போது ஒரே ஒரு டிஸ்கில். முன்பு பதிவேட்டிலும் எழுதினோம். யூனோடு பதிவேட்டுத் தாள் முடிந்தது. பத்திரிகையே பள்ளிக் கொப்பி ஒற்றையில் அச்சாகிற காலம். அதன் பிறகு நேரே மெசினில்தான்.

புதியதைப் பொருத்திப் பூட்ட வேண்டியவர் சிவராசா அண்ணை (சி.அ.). 83க்கு முன் கொழும்பில் இந்த மெசின்களோடு வேலை பார்த்தவர். இப்போது மலேரியா, இணுவிலில் போர்த்துக்கொண்டு படுக்கை. "ரூபியே பூட்டட்டும், கணக்கு ரீச்சருக்கு இது பெரிய வேலையோ" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். மனம் குளிர்ந்துபோனது. புகழ்ந்தால் குளிர்வது என் பழைய வியாதி.

ஒக்ரோபர் 7, புதன்

வெயில். சி.அ. யின் மனைவி மருதனார்மடம் சந்தைக்கு வந்த வழியில் துண்டு தந்துவிட்டுப் போனார். மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில், காய்ச்சல் எழுத்து:

1. ஜெனரேற்றர் வயரைக் கழற்றிப்போட்டுத் தொடங்கும். நிற்பாட்டினால் மட்டும் காணாது.
2. கிணற்றடி இரும்புக் குழாயைத் தொட்டுவிட்டு வந்து தொடும். உடம்பு மின்சாரம் இறங்க வேணும்.
3. வயரின் சிவப்புக் கரை எந்தப் பக்கம் என்று கீறி வையும்.
4. வலப்பக்கம் நிற்பது பழுது. அதை எடுத்துவிட்டுப் புதியதைப் பூட்டும்.
5. அவசரப்பட வேண்டாம்.

எல்லாம் எழுத்துக்கு எழுத்துச் செய்தேன். குழாயை மூன்று தரம் தொட்டேன். வளையலைக் கழற்றி வைத்தேன். படம் கீறினேன். மெசினுக்கு முன்னால் கதிரையைப் போட்டு, என் சோத்துக்கைப் பக்கம் நின்ற டிஸ்கைக் கழற்றிப் புதியதைப் பூட்டினேன். நாலு திருகாணி. ஒன்று விழுந்து அரை மணித்தியாலம் தேடினேன்.

ஓட்டிப் பார்க்க வழியில்லை. மண்ணெண்ணெய் முடிந்தது. கூட்டுறவுச் சங்கத்தில் இனிச் சனிக்கிழமைதான்.

நல்ல வேலை செய்தேன் என்ற நினைப்போடு வீட்டுக்கு வந்து புட்டும் முருங்கையிலைச் சுண்டலும். அம்மாவிடம் பெருமையடித்தேன். அவ: "கதவுப் பூட்டைக் கழட்டித் திருத்தத் தெரியாது உனக்கு."

ஒக்ரோபர் 8, வியாழன்

வானம் மப்பு. வியாழன் என்றால் பாக்கியம் அக்கா. மயிலிட்டி. ஊரை விட்டு வந்து இங்கே பள்ளிக்கூட முகாமில் இரண்டு வருடம். வெளிக்கிட்ட அன்று மகள் தவமலரும் மருமகனும் கைக்குழந்தையும் முன்னால் போன ட்ரக்டரில் ஏறினார்கள். இவர் பின்னால் வந்ததில். சந்தியில் இரண்டும் இரண்டு பக்கம் திரும்பின. அவ்வளவுதான். கிழமைக்கு ஒருதரம் ஒரு பிடி முருங்கையிலையோடு வருவார், வாங்குப் பலகையில் இருப்பார், "ஏதும் தெரிஞ்சுதோ ரீச்சர்?" என்பார், போவார்.

போன கிழமை காய்ச்சலென்று வரவில்லை. அதற்கு முதல்நாள்தான் வன்னியிலிருந்து ஒருவர் வந்து, அந்தப் பக்கம் இருக்கிற நாற்பது பேரின் பெயரை வாசித்தார். சிகரெட் பெட்டி மட்டையில் எழுதி வைத்திருந்தார். மட்டை தனக்கு வேண்டும் என்று கொண்டு போய்விட்டார். அவர் வாசிக்க நான் அடித்தேன். அடிக்கிறபோது விரல்தான் வேலை செய்யும், தலை செய்யாது. அவர் போன பிறகு ஒரு தரம் மேலிருந்து கீழே பார்த்தேன். தவமலர் என்று ஒரு பெயர். ஒரு பிள்ளையோடு. அதோடு மண்ணெண்ணெய் முடிந்து ஜெனரேற்றர் நின்றுவிட்டது.

இன்றைக்குச் சொல்லவில்லை. மருமகனின் பெயர் பொருந்துகிறதா என்று திரையில் பார்த்துவிட்டுச் சொல்லலாம். பட்டியலில் ஏற்கெனவே இரண்டு தவமலர் உண்டு. சும்மா ஆசை காட்டக்கூடாது.

"அடுத்த வியாழன் கட்டாயம் வாங்கோ அக்கா."

"நான் எந்த வியாழன் வரேல்லை?"

ஒக்ரோபர் 9, வெள்ளி

வேலை இல்லை. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந் தேத்தண்ணி, இரண்டு தரம். கழற்றின டிஸ்க் மேசையில் கிடந்தது. பழுதானதுதானே, உள்ளே என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்று திருப்புளி எடுத்தேன். மூடியில் எச்சரிக்கை ஒட்டியிருந்தது. செத்த பாம்புக்கு யார் பயப்படுவார்கள்.

உள்ளே ஒரு தட்டு. அவ்வளவு துப்புரவு. கண்ணாடி பார்க்கலாம், பார்த்தேன். நெற்றி நரை தெரிந்தது. விரலால் தொட்டேன். சேலைத் தலைப்பால் துடைத்தேன்.

ஒக்ரோபர் 10, சனி

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

பத்து மணிக்கு மண்ணெண்ணெய் வந்தது. ஜெனரேற்றரை இழுத்தோம், பிடித்தது. மெசினைப் போட்டேன். டிக். டிக். டிக். உள்ளே விட்டிருந்த டிஸ்க். நான் கழற்றினது நல்லது.

இணுவிலுக்கு ஒன்றரைக் கட்டை. சைக்கிளில் பத்து நிமிடம். புதன்கிழமை இந்தப் பத்து நிமிடத்தைச் செலவழித்து, அண்ணை எந்தப் பக்கம் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ரீச்சருக்கு எல்லாம் தெரியுமே.

சி.அ. கட்டிலில் எழும்பி இருந்தார்.

"வலப்பக்கம் எண்டெல்லோ எழுதினனான்."

"வலப்பக்கத்தைத்தானே கழட்டினனான்."

"ஆருக்கு வலப்பக்கம்?"

"ஆருக்கெண்டா? எனக்குத்தான்."

"மெசின் உம்மைப் பாத்துக்கொண்டெல்லோ நிக்குது. அதின்ரை வலப்பக்கம். கோயிலிலை வள்ளி எந்தப் பக்கம் நிக்கிறா?"

"எனக்கென்னண்டு தெரியும், நான் சேர்ச்சுக்குப் போறனான்."

"முருகனுக்கு வலப்பக்கம் வள்ளி. கும்பிடுற ஆளுக்கு அது இடப்பக்கம்." அப்பனும் பாட்டனும் கந்தசாமி கோயிலில் சாமியைத் தோளில் காவின வீடு. அவருக்கு உலகத்தில் முகமுள்ள எல்லாம் சாமி மாதிரித்தான் நிற்கும் போல. அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஐந்து வருடம் ஒரே கந்தோர்.

அவர் சிரித்துவிட்டார். "சரி, ஏன் முகம் கறுத்துப்போச்சு? ஒண்டும் நடக்கேல்லை. கழட்டினதைத் திருப்பிப் பூட்டினா எல்லாம் அப்பிடியே இருக்கும்."

"அண்ணை, நான் அதைத் திறந்து பாத்தனான்."

சிரிப்பு நின்றது.

"தொட்டனீரோ?"

"துடைச்சனான்."

போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். பிறகு மெல்ல, "எழுதினது என்ரை பிழை" என்றார். அப்படிச் சொன்னதுதான் தாங்க முடியவில்லை. ஏசியிருந்தால் நிம்மதியாக அழுதிருப்பேன்.

ஒக்ரோபர் 12, திங்கள்

மழை. சி.அ. காய்ச்சலோடு, தலைக்குத் துவாய் கட்டிக்கொண்டு வந்தார். நான் திறந்ததை மூடிப் பூட்டினார். தகரத்தில் ஆணி இழுக்கிற சத்தம். இரண்டு தரம். உடனே நிறுத்தினார்.

பழைய பிளொப்பியில் யூன் வரை கொஞ்சம் வருகிறது, பாதி பூஞ்சணம். யூனுக்குப் பிறகு வந்த ஒருவரும் இல்லை. நாற்பது பேரும் இல்லை.

சி.அ. தானே ஒட்டுத்துண்டு வெட்டி, புது டிஸ்கில் 1 என்றும் பழுதானதில் 2 என்றும் ஒட்டினார். ஒரு ஒட்டுத்துண்டு. அவ்வளவுதான் தேவைப்பட்டது.

ஞாபகம் வருவதை எழுதி வைக்கிறேன்: தவமலர். பிள்ளை ஒன்று. "பிள்ளையார் கோயிலுக்கு வலப்பக்கம் கொட்டில்." ஏதோ ஒரு குளத்தடி. குளத்தின் பெயர்? வாயில் நிற்கிறது, வரவில்லை. வன்னியில் குளம் இருக்கிற இடமெல்லாம் பிள்ளையார் இருக்கிறாராம், சி.அ. சொன்னார்.

ஒக்ரோபர் 15, வியாழன்

வந்தார். முருங்கையிலை. வாங்கு.

"ஏதும் தெரிஞ்சுதோ ரீச்சர்?"

"இன்னும் இல்லை அக்கா. மெசின் பழுது."

மெசின் பழுது. என் வாயில் என்ன இலகுவாக வந்தது. மெசின் ஒரு பாவமும் செய்யவில்லை.

"கட்டாயம் வரச் சொன்னனீங்கள், அதுதான் கேட்டனான்" என்றார். கோபம் இல்லை. குடை இல்லாமல் போனார்.

ஒக்ரோபர் 17, சனி

நடந்ததை அம்மாவிடம் சொன்னேன். அம்மா: "சொல்லித் துலையன். அவ அடிச்சாலும் ஒருக்காத்தானே அடிப்பா."

முகாமுக்குப் போனேன். பாக்கியம் அக்கா வகுப்பறைக்குள் சீலையால் மறைத்த அறையில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாம் சொன்னேன். பெயர் பார்த்தது. சொல்லாமல் விட்டது. வலப்பக்கம். துடைத்தது. வியாழக்கிழமைப் பொய்.

சுளகைக் கீழே வைத்தார். நான் அடிக்காகக் காத்திருந்தேன்.

"பேரைக் கண்ணாலை கண்டனீங்களோ?"

"ஓம்."

"பிள்ளையோடை எண்டு கிடந்ததோ?"

"ஓம். ஆனா அக்கா, அது உங்கடை தவமலர்தானெண்டு..."

"உயிரோடை இருக்கிறாள்" என்றார். எனக்கல்ல, சுளகுக்கு. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இரண்டு வருடத்தில் அவர் சிரித்து நான் கண்டதில்லை. முன் பல் ஒன்று இல்லை என்று இன்றுதான் தெரியும்.

வேறு தவமலராகவும் இருக்கலாம் என்று மூன்று தரம் சொன்னேன். காதில் விழவில்லை. குளத்தடிப் பிள்ளையார் கோயிலையும் சொன்னேன். சொல்லியிருக்கக்கூடாது. "வலப்பக்கம் எண்டது ஆருக்கு வலப்பக்கமெண்டு எனக்குத் தெரியாது அக்கா."

"பிள்ளையாருக்குத்தான். வேறை ஆருக்கு?"

ஒக்ரோபர் 19, திங்கள்

காலையில் கந்தோருக்கு வந்தார். திங்கட்கிழமை. கையில் உரப்பை ஒன்று. பேரப்பிள்ளைக்குச் சட்டை தைத்திருக்கிறார், கைக்குழந்தை அளவில். பிறகு தானே அதைப் பார்த்து, "இப்ப நடந்து திரியும் என்ன?" என்றார்.

வன்னிக்குக் கிளாலியால் போகிறாராம். வள்ளத்தைக் கண்டால் நேவி சுடுகிற கிளாலிக் கடல் எப்படியென்று தெரியாதவர் இங்கே ஒருவரும் இல்லை. தடுத்தேன். வன்னியிலிருந்து வந்தவர் திரும்பி வருவார், கேட்போம், ஒரு மாதம் பொறுங்கோ என்றேன்.

"இரண்டு வருசம் பொறுத்தனான் ரீச்சர். போட்டு வாறன்."

என் ஒரு "ஓம்" அவரை வள்ளத்தில் ஏற்றுகிறது. திரையில் ஒரு நிமிடம் கண்ட பெயர். என் குடையைக் கொடுத்தேன். வேறு என்ன கொடுக்க இருக்கிறது.

ஒக்ரோபர் 22, வியாழன்

அடை மழை. வாங்கு வெறுமை. யூன் வரையுள்ள பதிவேட்டைத் திரும்ப மெசினில் அடிக்கிறேன். சி.அ. யின் காய்ச்சல் விட்டுவிட்டது. மெசின் முகத்தில் "வள்ளி", "தெய்வானை" என்று எழுதி ஒட்டியிருக்கிறார், என்னைச் சிரிக்க வைக்க. சிரித்தேன்.

இரண்டு நாளாக வள்ளம் ஓடவில்லை என்கிறார்கள். அவர் அதற்கு முன் போனாரா, பின்னா? தெரியாது.

ஒக்ரோபர் 29, வியாழன்

மழை விட்டிருக்கிறது. ரயர் திரும்பப் போய்விட்டது, நடந்தே வந்தேன்.

வன்னியிலிருந்து ஒருவர் வந்திருக்கிறார். முந்தியவர் அல்ல, வேறு ஆள். பெயர்கள் சொல்ல வந்தவர். இனி நேரே மெசினில் அடிப்பதில்லை, முதலில் எழுத்து. தாள் இல்லை. இந்த நாட்குறிப்பிலேயே எழுதுகிறேன். இந்த வருடத்துக்கு இன்னும் இரண்டு மாதம் வெறும் பக்கம்தானே.

1. இராசதுரை, பலாலி. மனைவி, நாலு பிள்ளை. தேடுவது: தமையன்.
2. செல்லம்மா, காங்கேசன்துறை. தனி. தேடுவது: மகன்.
3. யோகராணி, மயிலிட்டி. இரண்டு பிள்ளை. தேடுவது: புருசன்.

நாலாவதுக்கு முன் அவர் கொஞ்சம் யோசித்தார். "ஒரு மனுசி. பேர் தாறன், இடம் சொல்லேலாது. குளம் குளமாத் திரியிறா. பிள்ளையார் கோயிலைக் கண்டா முதல் வலப்பக்கம் போய்ப் பாக்கிறா. ஆக்கள் ஏதும் சொன்னா, சுத்தி வந்து மற்றப் பக்கமும் பாக்கிறா. கையிலை ஒரு குடை."

4. பாக்கியம், மயிலிட்டி. தேடுவது: மகள் தவமலர்.

இருப்பிடம் என்று எழுதி, பேனையை அங்கேயே வைத்துக்கொண்டிருந்தேன். அவர் அடுத்த பெயரைச் சொல்லத் தொடங்கிவிட்டார்.