உள்ளங்கையின் நிறம்

அக்கா, அன்று நான் உன்னிடம் "போகாதே" என்று சொல்லவில்லை.

இன்று பசுந்தாங் சந்தையில் மீன்காரி டோ மியா, கையைத் துடைத்துக்கொண்டு என் முன்னே நீட்டினார். "கை பாக்குற சயாமா எப்ப வருவாங்க?" ஜோசியக்காரிக்கும் டாக்டருக்கும் இங்கே பர்மியப் பேச்சில் ஒரே மரியாதைப் பெயர்தானே.

டாக்டராக வேலை பார்த்த மலாவியிலிருந்து நீ விடுப்பில் வரும்போதெல்லாம், யாரைக் கண்டாலும் உள்ளங்கையைத் திருப்பிப் பார்ப்பாய். ரேகை பார்க்கிறாய் என்று சந்தையே நம்பியது.

"வெளிநாடு போற ரேகை இருக்கா, சயாமா?"

"ரேகை கெடக்கட்டும். ஒடம்புல ரத்தமே இல்லியே. காலைல ஆஸ்பத்திரிக்குப் போங்க."

"மத்தவங்க கோயிலுக்குப் போகச் சொல்லுவாங்க. நீங்க ஆஸ்பத்திரிக்கா?"

அந்தப் பழக்கம் உன் வார்டில் வந்தது. எச்.ஐ.வி.யும் மலேரியாவும் ஒரே உடலில் சேர்ந்தால் என்ன செய்யும் என்பதுதான் உன் ஆராய்ச்சி. ஆனால் காய்ச்சலோடு வரும் குழந்தைகள் ஆராய்ச்சிக்குக் காத்திருக்கவில்லை. "கரண்ட் போனா உள்ளங்கைதான் லேப்" என்பாய். வெளுத்த கைக்கு முதலில் ரத்தம். ரத்தம் ஒரு பைதான், வெளுத்த கைகளோ பல என்றிருந்த நாட்களைப் பற்றிக் கேட்டால், சோற்றை அளைந்துகொண்டே பேச்சை மாற்றிவிடுவாய்.

கடைசி விடுப்பின் கடைசி மதியம். தின்கன்ஜூனில் நம் வீட்டில் அம்மா மொஹிங்கா நூடுல்ஸில் மீன்சாறு ஊற்றிக் கொடுத்தாள். கிண்ணத்துக்காக நீ கை நீட்டினாய். உள்ளங்கை சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. நான் பார்த்ததை நீயும் பார்த்தாய்.

அம்மா அடுப்படிக்குப் போனதும் சொன்னாய்: "தெரியும். ரத்தப் புத்துநோய். அம்மாவுக்குத் தெரிய வேணாம்."

நான் வாயைத் திறக்குமுன் நீயே தொடர்ந்தாய். "அங்க எச்.ஐ.வி. மாத்திரை வர்றது நின்னுபோச்சு, பாப்பா. தெனம் முழுங்கினாத்தான் என் வார்டு ஆளுங்க உயிரோட இருப்பாங்க. அவங்கள வேற எடத்துல சேத்துவிடணும். இங்க இருந்தா மட்டும் எனக்கு என்ன மருந்து இருக்கு?"

அம்மா எலுமிச்சையோடு திரும்பி வந்தாள். "என்ன, ரெண்டு பேரும் ஊமையாயிட்டீங்க?" நீ கையை லுங்கி மடிப்புக்குள் வைத்துக்கொண்டாய். "ஒங்க மொஹிங்காவுல உப்பில்லம்மா, அதான்."

இப்போதெல்லாம் யார் கை நீட்டினாலும் முகத்துக்கு முன் உள்ளங்கையைத்தான் பார்க்கிறேன். டோ மியாவின் கை நல்ல சிவப்பு. சொன்னேன். "அப்ப காசு வருமா?" என்று கேட்டார். வரும் என்றேன். நீ வரமாட்டாய் என்பதையும் சொன்னேன்.

இங்கே மழை பிடிக்குமுன் உன் வார்டிலேயே நீ இறந்தாய். மலேரியா என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் நம்பினாள்.