கஞ்சி போன பை

நிலக்கோட்டை
ஆகஸ்ட் 27

அன்புத் தம்பி முகேஷ்குமாருக்கு,

அக்கா பவித்ரா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். நீ மலையேறப் பயிற்சி எடுக்கும் பனிக்காட்டில் போன் எடுக்காது என்பதால், பள்ளிக்கூடத்தோடு விட்ட பேனாவை என் கையில் பிடிக்க வைத்துவிட்டாய். உன் கூட்டாளி ஆல்வின் நாளை திண்டுக்கல்லில் டில்லி ரயில் ஏறுகிறான். உன் பையையும் இந்தக் கடிதத்தையும் அவனிடம் கொடுத்துவிடுகிறேன். மலையடிவாரத்து விடுதிக்கு நீ இறங்கி வரும்போது வாங்கிக்கொள்.

பை வாங்க மதுரைக்குப் போய் நான் பட்ட பாடு உனக்குத் தெரிய வேண்டும். கடைக்காரர் மூன்று பைகளை எடுத்துப் போட்டார். ஒன்றில் கம்பிச் சட்டம் வெளியே தெரிந்தது. பாறையில் மாட்டிக்கொள்ளும் என்று நீ முன்பே வேண்டாம் என்றிருந்தாய். இன்னொன்று காற்றாக இருந்தது, ஆனால் முதுகுக்கு ஒரு பிடிமானமும் இல்லை. மூன்றாவதில்தான் நீ சொன்னபடி சட்டம் உள்ளே இருக்கிறது, எடையும் குறைவு என்றார். அதற்குள் மணல் மூட்டைகளைத் திணித்து என் முதுகில் மாட்டி இடுப்பு வாரை இறுக்கச் சொன்னார். தோளில் இருந்த சுமை இறங்கி, இடுப்பில் குடம் வைத்த மாதிரி உட்கார்ந்துகொண்டது. கடையில் இருந்தவர்கள் வேடிக்கை பார்க்க, சேலையோடு நாலு நடை நடந்தேன். சட்டம் உள்ளே எங்கே இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. சுமை ஆடவில்லை, அது போதும் என்று வாங்கிவிட்டேன்.

போன வருஷம் நீ தோள்பட்டை எலும்பு விலகி வந்து நின்றாயே, வழுக்கிவிட்டேன் என்றுதான் எங்களிடம் சொன்னாய். பழைய பை ஒரு பக்கமாகச் சரிந்து உன்னை இழுத்தது என்றும், கயிற்றின் மறுமுனையில் தான் இல்லாவிட்டால் நீ பள்ளத்துக்குப் போயிருப்பாய் என்றும் ஆல்வின் என்னிடம் மட்டும் சொன்னான். அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. அதனால்தான் இந்தப் பையை நானே முதுகில் மாட்டிப் பார்த்து வாங்கினேன்.

அம்மா தன் வழக்கத்தை விடவில்லை. புதுத்துணியைத் தண்ணீரில் நனைக்காமல், மூலையில் மஞ்சள் வைக்காமல் பிள்ளைகள் உடம்பில் ஏற விடமாட்டாள் அல்லவா. நான் பூ மார்க்கெட்டில் இருந்த நேரம் பார்த்து, பையைத் துவைகல்லில் போட்டு அலசி, காயவைத்து, மஞ்சளும் தடவி வைத்துவிட்டாள். தூக்கிப் பார்த்தேன். கடையில் இருந்ததைவிட லேசாக இருந்தது. கொஞ்சம் தொளதொளவென்றும் இருந்தது. கேட்டால், “புதுசுல கஞ்சி போட்டு வெறைப்பா வச்சிருப்பாய்ங்கடி, அலசுனா போயிரும்” என்றாள். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. மஞ்சளைப் பார்த்து உன் கூட்டாளிகள் சிரித்தால் சிரிக்கட்டும், அழித்துவிடாதே.

இரண்டு நாளாக அம்மா சிறுமலையைப் பார்த்துக்கொண்டே நிற்கிறாள். அவன் ஏறப்போறது இதைவிட உசரமா என்று கேட்டாள். கொஞ்சம் உயரம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஜெயித்து வா என்றெல்லாம் எழுத மாட்டேன். நல்லபடியாக வா.

உன் அக்கா,
பவித்ரா


நிலக்கோட்டை
செப்டம்பர் 14

தம்பி,

இதோடு ஒரு துணிச் சுருட்டில் இரண்டு அலுமினியப் பட்டைகள் இருக்கின்றன. முதலில் அவற்றைப் பைக்குள் மாட்டு. முதுகுப் பக்கம் உள்ளே நெடுக இரண்டு உறைகள் தைத்திருக்குமாம், கடைக்காரரைப் போனில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவைதான் உன் பையின் சட்டம். அவை இல்லாமல்தான் அந்தப் பை உன்னிடம் வந்திருக்கிறது.

இன்று காலை குழாயடியில் தண்ணீர் பிடிக்கப் போனேன். ஆடியில் போட்ட அவரைக்கு அம்மா ஊன்றியிருந்த கம்பு வெயிலில் மினுங்கியது. கம்பு எப்படி மினுங்கும் என்று குனிந்து பார்த்தேன். அம்மாவிடம் கேட்டபோது அவளுக்குச் சொல்வதில் பெருமையாகத்தான் இருந்தது. “புதுச் சட்டையில காலருக்குள்ள அட்டை சொருகி விப்பாய்ங்கள்ல, அது மாதிரி பைக்குள்ள சொருகியிருந்தாய்ங்க. அலசுறப்ப உருவிட்டேன். எம்புள்ளைக்கு அம்புட்டுப் பாரம் கொறஞ்சுச்சுல்ல” என்றாள். நான் குடத்தை அங்கேயே வைத்துவிட்டுப் போனை எடுக்க ஓடினேன்.

நீ மேலே ஏறுவதற்கு முன்னால் விடுதிப் போனிலிருந்து பேசினாய். பை முதுகுல நிக்க மாட்டேங்குதுக்கா, ஒரு பக்கமா சாயுது என்றாய். உனக்கு அடுக்கத் தெரியவில்லை என்று நான் சிரித்தேன். நீயும் சிரித்துவிட்டு, “நீ வாங்குனது நல்லாத்தான்க்கா இருக்கு” என்றாய். சட்டம் இல்லாத பையை அக்கா தெரியாமல் வாங்கிவிட்டாள் என்று நினைத்திருப்பாய். என் மனசு நோகக்கூடாது என்று அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. கோபக்காரனாகப் பிறந்து என்னைத் திட்டியிருக்கக் கூடாதா நீ.

காலையிலிருந்து விடுதிக்குப் போன் போட்டேன். மதியம் ஒருவர் எடுத்தார். அவருக்கு இந்தி மட்டும்தான் வரும் என்பதால், இந்தி தெரிந்த மருந்துக்கடை நர்கீஸிடம் போனைக் கொடுத்தேன். நீங்கள் மேல் முகாமைத் தாண்டிப் போய்விட்டீர்கள், மேலே பனி கொட்டுகிறது, இரண்டு நாளாக வயர்லெஸ் எடுக்கவில்லை, இப்படி அடிக்கடி நடப்பதுதான் என்று அவள் தமிழில் சொன்னாள். அவர் பேசியது நிறைய. நர்கீஸ் சொன்னது கொஞ்சம். மிச்சத்தைக் கேட்டதற்கு, அம்புட்டுத்தான்க்கா என்று மாத்திரை அட்டைகளை எடுத்து அடுக்க ஆரம்பித்தாள்.

இந்தப் பார்சல் வந்து சேர ஒரு வாரமாவது ஆகும் என்று தபால் ஆபீசில் சொல்கிறார்கள். அதற்குள் நீ இறங்கியிருப்பாய். இறங்கி வந்தவனுக்குச் சட்டம் எதற்கு என்று கேட்பாய். கேள். வீட்டில் இவற்றை வைத்துக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை.

பட்டைகளை எடுக்கக் கொடியைப் பிரித்தேன். அது உச்சிவரை சுற்றி ஏறியிருந்தது, நுனி ஒடிந்துவிட்டது. ஏன் கொடியைக் கீழே போட்டாய் என்று அம்மா கேட்டாள். நல்ல கம்பாக ஊன்றலாம் என்றேன். இப்போது அவள் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறாள். உன் பேரைச் சொல்லி அந்தக் கொடியிடம் ஏதோ பேசுவது இங்கே வரை கேட்கிறது. அவளிடம் நான் எதுவும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். நீ வந்து, பை நன்றாக இருந்தது, பாரமே தெரியவில்லை என்று அவளிடம் சொல்ல வேண்டும். நான் சொன்னால் நம்ப மாட்டாள்.

மாரியம்மன் உன் முதுகுக்குப் பின்னால் நிற்கட்டும். பார்சல் மேல் உன் பெயரை மட்டும்தான் எழுதியிருக்கிறேன். வேறு யாரும் பிரிக்க வேண்டாம். நீயே பிரி, அப்பு.

அக்கா