போர்வையால் அளந்த அறை

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம். நீயும் சுகம் என்று வாரா வாரம் சொல்கிறாய். அதை நம்புவதா வேண்டாமா என்றுதான் இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன்.

அப்பாவுக்கு முட்டிவலி பரவாயில்லை, மாத்திரை போடச் சொன்னால்தான் காது கேட்பதில்லை. பள்ளிக்கூடத்தில் எனக்கு இந்த வருடமும் இரண்டாம் வகுப்புதான் கொடுத்திருக்கிறார்கள், இப்போது பரப்பளவு நடக்கிறது. எது பெரிது என்று கேட்டால் பிள்ளைகள் நீளமாக இருப்பதைத்தான் காட்டுகிறதுகள், மேசையை அட்டையால் மூடி எண்ணிப் பார் என்றால் ஒன்று இடைவெளி விடுகிறது, ஒன்று அட்டைமேல் அட்டையை ஏற்றுகிறது, கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. அந்த நேரத்தில்தான் நீ புது ரூம் போட்டோ அனுப்பினாய், "பழசை விட ரெண்டு மடங்கு பெருசும்மா" என்று. எனக்கு அப்போதே சுருக்கென்றது. நான் கேட்டேனா? பள்ளியில் மார்க் குறைந்த அன்றெல்லாம் "இன்னைக்கு டெஸ்ட் ஒண்ணும் இல்லம்மா" என்று கேட்காமலே சொல்லிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தவன்தானே நீ. போட்டோவையும் கதவு மூலையில் ஒண்டிக்கொண்டு எடுத்திருக்கிறாய். வேலை எப்படி இருக்கிறது என்றால் "சிக்னல் இல்லம்மா" என்கிறாய், பின்னால் பஸ் ஹார்ன் காதைக் கிழிக்கிறது, வேலை நேரத்தில் நடுரோட்டில் உனக்கு என்ன வேலை? அப்பாவிடம் சொன்னதற்கு, "பெத்த பிள்ளையவே வேவு பாப்பியா, வேற வேலை இல்ல?" என்று எரிந்து விழுந்தார்.

நான் சும்மா இருப்பேனா. உன் பழைய ரூம் படத்தையும் புது ரூம் படத்தையும் பெரிதாகப் பிரிண்ட் போட்டு எடுத்துப் போய்ப் போர்டில் ஒட்டி, எது பெரிய ரூம், கண்டுபிடியுங்கள் பார்ப்போம் என்றேன். யாருடைய ரூம் என்று மூச்சு விடவில்லை. தரையில் இருக்கிற டைல்ஸை எண்ணிவிட்டு, புதுசுதான் பெருசு என்று எல்லாம் கத்தின. அப்பாடா, பிள்ளையை வீணாகச் சந்தேகப்பட்டோமே என்று எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. அதற்குள் முன்வரிசை வாயாடி ஒருத்தி எழுந்து, "டீச்சர், இதுல டைல்ஸ் பொடிசா இருக்கு, அதுல பெருசா இருக்கு, அப்புறம் எப்படி எண்றது?" என்றாள். சரி, இரண்டு ரூமிலும் ஒரே அளவாக என்ன இருக்கிறது, அதை வைத்து அளப்போம் என்றேன். "நீலக் கட்டம் போட்ட போர்வை!" என்றாள். நான் உனக்குக் கொடுத்தனுப்பிய போர்வை. பழைய ரூமில் அதைப்போல ஆறு விரிக்கலாம் என்று காகிதம் வெட்டி வைத்துக் காட்டினாள். புது ரூமில் இரண்டுகூடப் பிடிக்கவில்லை, சுவர் வந்துவிட்டது. பிள்ளைகள் கைதட்டின. நான் அப்போதுதான் கவனித்தேன், புது ரூமில் போர்வை தரையில் விரித்திருக்கிறது, தலைமாட்டில் சட்டையைச் சுருட்டி வைத்திருக்கிறாய். கட்டில் எங்கேடா?

படத்தை அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். வேலை போய்விட்டதா, உடம்புக்கு ஏதாவதா, எதுவானாலும் சொல்லிவிடு. திட்டமாட்டேன் என்றால் நீ நம்பமாட்டாய், திட்டத்தான் செய்வேன், ஆனால் நீ தரையில் கிடக்கிறாய் என்று தெரிந்த பிறகு எனக்குக் கட்டிலில் படுக்கவே மனசு வரவில்லை. முடியவில்லை என்றால் கிளம்பி வந்துவிடு, உன் அறையில் உன் கட்டில் போட்டது போட்டபடி இருக்கிறது.

வேளைக்குச் சாப்பிடு. நீ எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும், எங்கள் இரண்டு பேருக்கும் அதுதான் வேண்டும். ஒன்று மட்டும் மறக்காதே, இனிமேல் அம்மாவிடம் பொய் சொல்லிப் படம் அனுப்புவதானால் முதலில் அந்தப் போர்வையை மடித்து உள்ளே வை.

இப்படிக்கு,
உன்னை இன்னும் நம்பாத
அம்மா