பின்பக்கமும் எழுதுங்கள்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்பி எழுதுகிறேன். நான் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

இங்கே ஒரு வேடிக்கை. எங்கள் அலுவலக மென்பொருளில் எந்தக் காகிதத்தைப் படமெடுத்து ஏற்றினாலும், திரையில் சரசரவென்று புரளும் புத்தகமாகிவிடும். சோதித்துப் பார்க்க உங்கள் கடிதத்தை ஏற்றினேன். பிறகு அழிக்க மனம் வரவில்லை. எந்தப் புத்தகத்தை எத்தனை முறை புரட்டினார்கள் என்ற விவரம் மேலாளருக்குப் போகும். நேற்று அவர் என்னைக் கூப்பிட்டு, "யாரும்மா இது? ஒரே ஆளு, ஒரே வாரத்துல நூத்திப்பத்து தடவ புரட்டியிருக்காரு! வேற வேலையே இல்லையா?" என்றார். அந்த ஆள் நான்தான் என்று சொல்லவில்லை. "ஏதோ கோளாறு சார்" என்று சிரித்துச் சமாளித்தேன்.

நீங்கள் எழுதியது ஒரே பக்கம். புத்தகம் புரள வேண்டுமே என்று மென்பொருள் தானாகவே பின்னால் ஒரு வெள்ளைப் பக்கம் சேர்த்துவிடுகிறது. அது காலி என்று எனக்குத் தெரியும். ஆனாலும், 'கெளம்பி வந்துடும்மா' என்று அதில் எழுதியிருப்பீர்களோ என்று ஒவ்வொரு முறையும் புரட்டிப் பார்க்கிறேன்.

அடுத்த முறை நிறைய எழுதுங்கள். பக்கத்து வீட்டுச் சண்டை, தண்ணீர் வராத நாள், மாத்திரைப் பெயர், எதுவானாலும் சரி. இடைவேளை முடிந்துவிட்டது, கூப்பிடுகிறார்கள்.

அப்பா, பின்பக்கத்தை மட்டும் காலியாக விடாதீர்கள்.

உங்கள் வாயாடி